வானத்து இரும்பை எடை போட்ட பாதுஷா



போன மாதம் நம் 'பி' பிளாக் சம்ப்புக்குப் பக்கத்தில் குழாய் மாற்றத் தோண்டியபோது ஒரு கரிய கட்டி கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கைக்கு அடக்கமாக இருந்தாலும் தூக்கினால் கனத்தது. காந்தம் வைத்தால் ஒட்டியது. நான்கு நாட்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. விண்கல் என்றார்கள், லட்சக்கணக்கில் விலை போகும் என்றார்கள், செயலாளர் அதைத் தன் பீரோவில் பூட்டி வைக்க வேண்டும் என்றும் ஒருவர் தீர்மானம் போட்டார். கடைசியில் விவரம் தெரிந்த நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் வந்து, அதன் உடைந்த பக்கத்தில் இருந்த சின்னச் சின்னக் குமிழி ஓட்டைகளைக் காட்டினார். அது பட்டறையில் இரும்பு உருக்கும்போது கழியும் கசடாம். விண்கல்லில் இப்படிக் குமிழிகள் அநேகமாக இருக்காது, மேலே மெல்லிய கரிய தோல் போல ஒரு படலம் இருக்கும் என்றார். அத்துடன் விவகாரம் முடிந்தது. கட்டி இப்போது வாட்ச்மேன் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தடுத்து வருகிறது.

ஆனால் அந்த நான்கு நாட்களும் என் நினைவெல்லாம் ஒரு மனிதரைப் பற்றித்தான் இருந்தது. வானத்திலிருந்து விழுந்த இரும்பைத் தோண்டி எடுத்து வரச் செய்து, தன் கண் முன்னால் எடை போட்டு, எத்தனை தோலா என்று எழுதி வைத்தவர். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். அக்பரின் மகன், ஷாஜஹானின் அப்பா. அந்த இருவருக்கும் நடுவில் பள்ளிப் புத்தகத்தில் அரைப் பக்கம் இவருக்கு. குடிப்பார், நூர்ஜஹான் சொல்படி கேட்பார், ஒரு சங்கிலி கட்டினார், அவ்வளவுதான் நாம் படித்தது. நான் வணிகவியல் படித்தவன், சரித்திர ஆசிரியன் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அவருடைய நாட்குறிப்பின் மொழிபெயர்ப்பைப் படிக்க நேர்ந்தது. முப்பத்து நான்கு வருடம் லெட்ஜரில் எண்களை எழுதியவனுக்கு இந்த ராஜாவிடம் ஒரு சொந்தம் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

1569 ஆகஸ்டில் ஃபதேபூர் சிக்ரியில் பிறந்தார். அக்பருக்கு முன்பு பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. சிக்ரியில் இருந்த சூஃபி பெரியவர் ஷேக் சலீம் சிஷ்தியின் ஆசியால் பிறந்த பிள்ளை என்று அவர் பெயரையே வைத்தார்கள்: சலீம். நாம் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு வெங்கடேசன் என்று வைப்பதில்லையா, அப்படித்தான். தாய் ஆம்பர் ராஜபுத்திர இளவரசி. தவமிருந்து பெற்ற பிள்ளை என்பதால் செல்லம் அதிகம். செல்லம் அதிகமான வீட்டில் என்ன நடக்குமோ அது நடந்தது. அப்பா நீண்ட காலம் ஆண்டார், பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அலகாபாத்தில் போய்த் தனி அரசு போல நடத்தினார். 1602இல் அக்பரின் உயிர் நண்பரும் வரலாற்று ஆசிரியருமான அபுல் ஃபசலை ஆள் வைத்துக் கொன்றார். மறைக்கவும் இல்லை, பின்னால் தன் நாட்குறிப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். 1605இல் அக்பர் இறந்த பின் முப்பத்தாறு வயதில் ஆக்ராவில் பட்டம் ஏறினார். உலகைப் பிடிப்பவர் என்ற பொருளில் ஜஹாங்கீர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

பட்டம் ஏறியதும் முதலில் செய்த காரியம் அந்தச் சங்கிலி. ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரை வரை தங்கச் சங்கிலி, அதில் 60 மணிகள். நீதி கிடைக்காதவன் வந்து இழுக்கலாம். எத்தனை பேர் இழுத்தார்கள் என்பது வேறு விஷயம். என்னைக் கவர்ந்தது, அந்தச் சங்கிலி 30 கஜ நீளம், எடை இத்தனை மணங்கு என்று அவரே எழுதி வைத்திருப்பது. இந்த மனிதர் எதைத் தொட்டாலும் முதலில் அளவு, பிறகுதான் வர்ணனை.

வேட்டைக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டாம் வயதிலிருந்து தன் ஐம்பதாம் வயது வரை தன் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532, அதில் தன் கையாலேயே கொன்றவை 17,167 என்று பதிவேடு வைத்திருந்தவர்களைக் கொண்டு கூட்டிப் போடச் செய்து, புலி இத்தனை, மான் இத்தனை, புறா இத்தனை என்று இனவாரியாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது மனது கஷ்டப்படுகிறது. ஆனால் கூட்டல் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் கை பரபரக்கிறது, தொழில் புத்தி.

குடியையும் இப்படித்தான் கணக்கு வைத்தார். இளவரசராக இருந்தபோது இரண்டு முறை வடித்த சாராயம் நாளொன்றுக்கு இருபது கோப்பை: பகலில் பதினான்கு, இரவில் மிச்சம். கை நடுக்கம் வந்து, கோப்பையை வேறொருவர் பிடித்துக் குடிக்கக் கொடுக்க வேண்டிய நிலைமை. இப்படியே போனால் ஆறு மாதத்தில் மருந்து கிடையாது என்று ஹக்கீம் ஹுமாம் சொன்ன பிறகு, ஏழு வருடத்தில் ஆறு கோப்பையாகக் குறைத்துக்கொண்டார். கூடவே அபின். ஒரு சக்கரவர்த்தி தன் பலவீனத்தை இப்படி எண்ணிக்கையோடு எழுதி வைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சோதித்துப் பார்க்காமல் நம்பாத குணம் அவருக்கு. அகமதாபாத் காற்று அவருக்குப் பிடிக்கவே இல்லை, தூசிப் பட்டணம் என்று பெயர் சூட்டினார். பக்கத்து மஹ்மூதாபாத்தின் காற்று நல்லது என்று கேள்விப்பட்டார். சும்மா விடவில்லை. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் தோலுரித்த ஆட்டைத் தொங்க விட்டு, எது முதலில் கெடுகிறது என்று பார்க்கச் சொன்னார். அகமதாபாத் ஆடு முதலில் கெட்டது. லைலா, மஜ்னூ என்று பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்கு ஜோடி எப்படி முட்டையிட்டது, எது எப்போது அடைகாத்தது, குஞ்சுக்கு அப்பன் எப்படி இரை ஊட்டியது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். பறவை ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

நம் வங்கித் தோழர்களுக்காக ஒன்று. அவர் அடித்த காசுகளில் ஒன்று 1,000 தோலா தங்கம், ஏறக்குறைய 12 கிலோ. 1613இல் ஆக்ராவில் அடித்தது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. 1618 முதல் மாதத்தின் பெயருக்குப் பதிலாக அந்த மாதத்து ராசி உருவத்தைக் காசில் பொறிக்கச் சொன்னார்: மேஷத்துக்கு ஆடு, ரிஷபத்துக்குக் காளை. அதே 1618இல் வானத்தில் தோன்றிய வால்நட்சத்திரத்தையும் பதிவு செய்திருக்கிறார். வானத்தின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது.

இனி அந்த இரும்புக்கு வருகிறேன்.

1621ஆம் வருடம். அவருடைய ஆட்சியின் பதினாறாம் ஆண்டு, பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸ் கழிந்து முதல் மாதம் முடியும் தறுவாய். நம் கணக்குக்கு ஏப்ரல். அந்த நவ்ரோஸுக்குத்தான் அபிசீனியாப் பக்கத்திலிருந்து துருக்கியர் கொண்டுவந்த ஒரு வரிக்குதிரை அரசருக்குக் காணிக்கையாக வந்தது. யாரும் அதற்கு முன் கண்டதில்லை. குதிரைக்கு வண்ணம் பூசி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம். தேய்த்துப் பார்க்கச் சொன்னார்கள், வரி போகவில்லை. மன்சூர் என்ற ஓவியர் அதை வரைந்தார், அந்தப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் பஞ்சாபில் ஜலந்தர் பர்கானாவில் ஒரு கிராமத்தில் இது நடந்தது. விடிகாலை. கிழக்குத் திசையிலிருந்து பயங்கரச் சத்தம். கிராமத்தார் நடுநடுங்கிப் போனார்கள். சத்தத்தின் நடுவே ஒரு வெளிச்சம் மேலிருந்து தரையில் வந்து விழுந்தது. வானம் நெருப்பைக் கொட்டுகிறது என்றே எண்ணினார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. மனம் நிலைக்கு வந்ததும் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஆளுக்கொரு கதை கட்டாமல், வேகமாக ஓடும் ஓர் ஆளை அந்தப் பர்கானாவின் ஆமிலிடம் அனுப்பினார்கள். ஆமில் என்றால் வரி வசூலிக்கும் அதிகாரி, நம் தாசில்தார் மாதிரி. பெயர் முகம்மது சயீத்.

சயீத் வேறு யாரையும் அனுப்பாமல், உடனே தானே குதிரை ஏறிப் போனார். அங்கே பத்துப் பன்னிரண்டு கஜத்துக்கு நிலம் கருகிக் கிடந்தது. புல் பூண்டு ஒன்றும் மிச்சமில்லை. தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்டச் சூடு அதிகமானதாம். கடைசியில் ஒரு இரும்புக் கட்டி, இப்போதுதான் உலையிலிருந்து எடுத்தது போல. ஆற விட்டு, வீட்டுக்குக் கொண்டு போய், ஒரு பையில் போட்டு, முத்திரை வைத்து அரண்மனைக்கு அனுப்பிவிட்டார்.

பையில் போட்டு முத்திரை வைத்து! நகைக்கடன் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன் நான். நகையை எடை போட்டு, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் அது பத்திரம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, முத்திரை வைப்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எதுவும் குறையவில்லை. ஆனாலும் அந்த மாலை கணக்குச் சரியாகும் வரை என் வயிற்றில் இருந்த கல் எனக்குத்தான் தெரியும். அதனால் சொல்கிறேன், இந்தக் கதையில் அரசரை விட ஆமிலின் மேல்தான் எனக்கு மரியாதை அதிகம். வானத்துப் பொருள், அபூர்வம், யாரும் பார்க்காத கிராமம். ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

அரசர் தன் முன்னிலையில் நிறுக்கச் சொன்னார். 160 தோலா. இன்றைய தோலாவுக்கு 11.66 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ 866 கிராம். தங்கமாக இருந்தால் 233 பவுன். உஸ்தாத் தாவூத் என்ற ஆயுதக் கொல்லரைக் கூப்பிட்டு, இதில் வாளும் குத்துவாளும் கத்தியும் செய்யச் சொன்னார். தாவூத் உலையில் போட்டு அடித்துப் பார்த்து, சம்மட்டிக்குத் தாங்காமல் உதிர்கிறது என்று வந்து நின்றார். விண்கல் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும், கூடவே கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த பகுதிகள் இருப்பதுண்டு. காய்ச்சி அடித்தால் இப்படி உதிர்வது அதனால்தான் இருக்க வேண்டும். வேறு இரும்பு சேர்த்து அடி என்றார் அரசர். மூன்று பங்கு வானத்து இரும்பு, ஒரு பங்கு மண்ணின் இரும்பு. இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி தயாராயின.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 160க்கு மூன்றில் ஒன்று 53 சொச்சம். மொத்தம் 213 தோலா, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. சேதாரம் போக நான்கு ஆயுதங்களுக்குக் கட்டி வரும். எழுதியவர் பொய்க் கணக்கு எழுதவில்லை.

கலப்பினால் இரும்பில் நீரோட்டம் போல ரேகை ஓடியது. வாளை வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. தன் எதிரிலேயே வெட்டிப் பார்க்கச் சொன்னார், முதல் தரமான வாள்களுக்குச் சமமாக வெட்டியது. ஒன்றுக்கு வெட்டும் வாள் என்றும், மற்றதற்கு மின்னல் குணம் கொண்டது என்றும் பாரசீகத்தில் பெயர் வைத்தார். அவைப் புலவர் பேபதல் கான் இதன் பேரில் ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த அளவு சின்ன விண்கல், தரையைத் தொடும்போது கொதித்துக்கொண்டிருக்காது என்கிறது இன்றைய அறிவியல். மேற்பரப்பு காற்றில் உரசி எரியும், ஆனால் கடைசிப் பல கிலோமீட்டர் வேகம் குறைந்து, ஆறித்தான் விழும். ஆகவே கருகிய நிலமும் உலைச் சூடும் பயந்தவர்கள் கண்ணில் கொஞ்சம் பெருகியிருக்கலாம். அந்த இடத்தில் அரசர் இல்லை. அவர் எழுதியது சயீத் அனுப்பிய அறிக்கையின்படி. தான் பார்த்தது எடையும் பட்டறையும் வெட்டுச் சோதனையும். அந்தப் பகுதிதான் கணக்குக்குச் சரியாக வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

வானத்திலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் அப்போது நம்பவே இல்லை. 1794இல் சிலாட்னி என்ற ஜெர்மானியர் எழுதியபோதும் பலர் சிரித்தார்கள். 1798 டிசம்பரில் நம் காசிக்கு அருகே கற்கள் விழுந்தன. அவற்றை லண்டனில் எட்வர்ட் ஹோவர்ட் சோதித்து 1802இல் நிக்கல் இருப்பதைச் சொன்னார். 1803இல் பிரான்சில் லேக்ல் என்ற ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் பொழிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அதே 1803இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சார்ல்ஸ் கிரேவில் என்பவர் சாட்சியமாக எதைக் கொண்டுபோய் வைத்தார் தெரியுமா? ஜஹாங்கீர் எழுதிய இந்தப் பக்கத்தின் மொழிபெயர்ப்பை. 182 வருடம் கழித்து ஒரு பதிவேடு சாட்சிக்கு வந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் அது நேர்மையான கணக்கு ஆகாது. தான் அப்பாவுக்குச் செய்ததை மூத்த மகன் குஸ்ரௌ தனக்குச் செய்தபோது அவரால் தாங்க முடியவில்லை. பட்டம் ஏறி ஆறு மாதத்தில், 1606இல், மகன் கலகம் செய்து பிடிபட்டான். அவனோடு சேர்ந்தவர்களை லாகூர்ச் சாலையோரம் கழுவேற்றி, அந்த வரிசையின் நடுவே மகனை யானை மேல் வைத்து ஊர்வலம் விட்டார். அவனுக்கு ஆதரவு தந்ததாகச் சொல்லி சீக்கியரின் ஐந்தாம் குரு அர்ஜன் தேவுக்கு மரண தண்டனை விதித்தார். இன்றும் ஆறாத புண் அது. அடுத்த வருடம் மகனின் பார்வையைப் பறித்தார்கள். அதை எழுதும் கையும் கொக்குக் குஞ்சைப் பற்றி எழுதும் கையும் ஒன்றுதான். எனக்கு இது பிடிபடவில்லை. பல முறை புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன்.

1611இல் நூர்ஜஹானை மணந்தார். அவர் பெயரில் காசு அடிக்கும் அளவுக்கு நிர்வாகம் அந்த அம்மாள் கைக்குப் போனது. குறை சொல்பவர்கள் சொல்லட்டும். கணவருக்கு மூச்சுத் திணறல், குடி, அபின். யாரோ ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? பின்னாட்களில் கோப்பையைக் குறைக்க வைத்ததும் அவர்தான்.

வாள்கள் செய்து ஒரு வருடம் ஆகவில்லை. 1622 ஜனவரியில் குஸ்ரௌ பர்ஹான்பூரில் தம்பி குர்ரமின் காவலில் இறந்தான். கொலைதான் என்று ஊர் பேசியது. அதே வருடம் பாரசீகத்து ஷா அப்பாஸ் கந்தஹாரைப் பிடித்துக்கொண்டார். மீட்கப் போக வேண்டிய குர்ரம், அதாவது பின்னால் ஷாஜஹான், அப்பாவுக்கு எதிராகவே படை திரட்டினார். மூன்றாவது தலைமுறையிலும் அதே கதை. ஆட்சியின் பதினேழாம் ஆண்டோடு அரசருக்கு எழுத முடியவில்லை. நாட்குறிப்பை முதமித் கானிடம் ஒப்படைத்துவிட்டார். அப்படிப் பார்த்தால் ஜலந்தர் இரும்பு அவர் தன் கைப்பட எழுதிய கடைசிப் பக்கங்களில் ஒன்று. 1626இல் தன் தளபதி மகபத் கானிடமே கைதியானார். நூர்ஜஹான்தான் மீட்டார். 1627 அக்டோபரில் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் உயிர் பிரிந்தது. லாகூரை அடுத்த ஷாதராவில் அடக்கம்.

அந்த நான்கு ஆயுதங்களில் கத்தி இன்று வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம், தங்க எழுத்துப் பொறித்தது. படத்தைப் பார்த்தால் சமையலறைக் கத்தியை விட ரொம்பப் பெரிதாக இல்லை.

நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. 1857 பிப்ரவரி 28ஆம் தேதி மதுரைக்குத் தெற்கே பர்னாலி என்று பதிவான இடத்தில் இரண்டு பெரிய கற்கள் விழுந்தன. பெரியது லண்டன் போய்ச் சேர்ந்தது. இப்போது இந்தியாவில் விண்கல் கிடைத்தால் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் சேர்ப்பிக்க வேண்டும், அவர்களுடைய சேகரிப்பு கொல்கத்தாவில் உள்ளது. அடுத்த முறை சம்ப் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் வாட்ஸ்அப்பில் போடும் முன் எடை, தேதி, தோண்டிய ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டு ஒரு பையில் போட்டு வையுங்கள். முத்திரை வைக்க நான் வருகிறேன், அரக்கு என்னிடம் இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு. மேகம் இல்லாவிட்டால் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் கொஞ்சம் இருட்டாக இருக்கும், நம் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். மாடிச் சாவி வாட்ச்மேனிடம். கதவைத் திறக்கும்போது கீழே அந்தக் கசடுக் கட்டியில் கால் இடறாமல் பார்த்து வாருங்கள்.